நீச்சல் குளத்துக்கு அம்மை போட்ட கோடை

கருவநேரி நகராட்சியின் நீச்சல் குளத்துக்கு அம்மை போட்டது பங்குனி மாதத் தொடக்கத்தில், பரீட்சைப் பயத்தில் பிள்ளைகள் குளத்தை மறந்திருந்த நாட்களில். காலையில் இலை அள்ளப் போன காவலாளி சங்கிலி கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வேலிக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். ஆழமான பக்கத்தில் நெருக்கமாகவும், ஆழமில்லாத பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் தண்ணீரின் மேல் முத்து முத்தாகக் கொப்புளங்கள் கிளம்பியிருந்தன; காற்றுக்கு உடையவில்லை, விரல் பட்டால் நகரவில்லை, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சின்னக் குழி இருந்தது. பக்கத்தில் போனாலே அனல் அடித்தது. பெற்ற பிள்ளைகள் மூன்று பேருக்கும் அம்மை வார்த்தபோது கூடவே கிடந்து பார்த்தவர் என்பதால் சங்கிலிக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வேப்பங்கொத்து ஒடித்து வாசலில் செருகிவிட்டுத்தான் நகராட்சிக்குப் போன் போட்டார்.

வந்தவள் சுகாதார ஆய்வாளர் உலகம்மாள். ஊரில் தண்ணீர் என்று ஒன்று எங்கே தேங்கினாலும், எங்கே ஓடினாலும், எங்கே நாறினாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். சின்னக் கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து மருந்து இரண்டு சொட்டு விட்டாள். குளோரின் இருந்தால் மஞ்சளாகியிருக்கும். அது நிறம் மாறாமல் அப்படியே நின்றது. காய்ச்சல் பார்க்கும் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கினாள், நூற்றிரண்டு காட்டியது. அம்மையைப் பார்த்து அவள் அசரவில்லை, மனுஷருக்கு வருவது தண்ணீருக்கும் வரும் என்பதை அவள் வேலையில் சேர்ந்த புதிதிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டாள். அவளுக்கு உறுத்தியதெல்லாம் குளத்தின் மேற்குச் சுவர்தான்.

மேற்குச் சுவரை ஒட்டி ஒரு மூடுவாய்க்கால் ஓடுகிறது. மழைத்தண்ணீர் வடிவதற்கென்று கட்டியது. கருவநேரியில் மழை வருஷத்தில் சில நாள்தான் பெய்யும், ஆனால் வாய்க்காலோ வருஷம் முழுக்க நிறைந்து ஓடும். "எங்க வீட்டு செப்டிக் டேங்க் கட்டுன நாள்லேர்ந்து நிறையவே இல்ல மேடம், அவ்வளவு ராசியான டேங்க்" என்று வாய்க்கால் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். ராசியான டேங்குகள் எல்லாம் எங்கே காலியாகின்றன என்பது ஊருக்கே தெரியும், ஊரில் ஒருவர் வாயிலிருந்தும் அது வராது. மாசி மாதமே நீச்சல் பழகிய பிள்ளைகளில் சிலருக்கு மஞ்சள்காமாலை கண்டிருந்தது. சுவரில் எங்கோ வெடிப்பு இருக்கிறது என்று உலகம்மாள் அப்போதே நகராட்சிக்கு எழுதிப்போட்டாள், அப்போதே அது மறக்கப்பட்டும் விட்டது.

"சங்கிலியண்ணே, குளோரினக் கொட்டி, தண்ணிய இறக்கி, அந்தச் சுவரப் பாத்திரணும்" என்றாள்.

சங்கிலி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அம்மை போட்ட ஒடம்புல யாராச்சும் மருந்து வைப்பாங்களா மேடம்? அவளா வந்திருக்கா, அவளாத்தான் எறங்கணும். நீங்களும் பிள்ள பெத்தவங்கதான?"

அம்மன் கோயில் பூசாரி கொம்பையா வந்து பார்த்து, மனுஷ உடம்புக்குப் பத்து நாளென்றால் இந்த உடம்புக்கு அதன் நீள அகலம் பார்த்துத்தான் சொல்ல முடியும், வைகாசி வரைக்கும் போகலாம் என்றார். அதன் பிறகு ஊர் அந்தக் குளத்தை ஒரு வீட்டுப் பிள்ளையைப் போல ஏற்றுக்கொண்டது. வேலிக் கம்பியெல்லாம் வேப்பிலை மறைத்தது. சுற்றியிருந்த நாலு தெருவிலும் தாளிப்பு நின்றது, கடுகு வெடிக்கும் சத்தமே இல்லாத சாம்பாரைச் சாப்பிடப் பழகிக்கொண்டார்கள், டீக்கடைக்காரர் வடைச்சட்டியைக் கவிழ்த்துவிட்டுக் கடலையும் கிழங்கும் அவித்துப் போட்டார், முடிதிருத்தும் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு மாமியார் ஊருக்குப் போனார், பேருந்துகள் அந்த வளைவில் ஹாரன் அடிக்காமல் ஊர்ந்தன, கல்யாண ஊர்வலம் ஒன்று அந்தப் பக்கமாக வந்தபோது மேளக்காரர்கள் தவிலில் கையை வைத்து வைத்து எடுத்தார்களே தவிர ஒரு தட்டுத் தட்டவில்லை. அம்மை கண்ட இடத்துக்கு வந்தவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதால், குளத்தைப் பார்க்க வந்த கூட்டம் பேச்சின் நடுவில் எழுந்து எழுந்து போனது. கொஞ்ச நாளில் அந்தப் பழக்கம் ஊர் முழுக்கத் தொற்றி, சென்னைக்கு வேலைக்குப் போகிற பையன்கள்கூட அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், அம்மாக்களும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

நகராட்சியும் ஏற்றுக்கொண்டது. ஆணையர் வெளியூர்க்காரர், படித்தவர். குளத்தை மராமத்துக்காக மூடியதாகச் சொல்வதா, வேறு எதற்காக மூடியதாகச் சொல்வதா என்பதில்தான் அவருக்குக் குழப்பம் இருந்தது. கடைசியில் 'குளம் ஓய்வில் உள்ளது' என்று பலகை எழுதி மாட்டச் சொன்னார். வார்டு கவுன்சிலர் லிங்கதுரை பந்தல் போட்டார், பந்தலில் தன் படத்தையும் போட்டார்.

இதுவரைக்கும் உலகம்மாளுக்கு மறுப்பில்லை. யாரும் குளத்தில் இறங்கவில்லை, அதுவே அவளுக்குப் போதும். ஆனால் சித்திரை பிறந்ததும் ஒருத்திக்குத் தீராத ஒற்றைத் தலைவலி அந்தத் தண்ணீரில் ஒரு கை குடித்ததும் தீர்ந்துவிட்டது என்று பேச்சு வந்தது. மறுநாள் பாட்டிலோடு வந்தார்கள், அடுத்த நாள் குடத்தோடு வந்தார்கள், லிங்கதுரை வரிசைக்குக் கயிறு கட்டினார். சங்கிலி முத்து உடையாமல் ஓரமாக மொண்டு ஒவ்வொருவருக்கும் ஊற்றினார். அத்தனை வருஷம் அந்தக் குளத்தில் பாசி தேய்த்தவருக்கு, வருகிறவர்கள் எல்லாம் இரண்டு கையையும் நீட்டிக் கும்பிட்டு வாங்கிப் போவது எப்படியிருந்திருக்கும்! புதுத் துண்டு போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்.

உலகம்மாள் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, வந்த பதிலை வரிசையின் முன்னால் நின்று உரக்கச் சொன்னாள். "இதுல மலக்கிருமி இருக்கு. குடிச்சா காமாலை வரும், பேதி வரும். தயவுசெஞ்சி யாரும் குடிக்காதீங்க." எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் அதைச் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்தது. வரிசையில் நின்ற ஒரு இட்லிக்கடைக்காரி அவளுக்கு ஆறுதலாகச் சொன்னாள்: "கிருமி இல்லாமலா மேடம் இருக்கும்? ஊர்க் கிருமியெல்லாம் அவ ஒடம்புல வாங்கிக்கிடத்தான வந்திருக்கா. நமக்கு வரவேண்டியத அவ வாங்கியிருக்கா." அந்த நியாயத்துக்கு எதிராகப் பேச உலகம்மாளிடம் கண்ணாடிக் குழாயைத் தவிர ஒன்றும் இல்லை.

குளத்தின் பின்னாலேயே சங்கிலியின் குடியிருப்பு. அவர் மூத்த மகள் அனுசியா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஏழு மாதம் முடிந்து வளைகாப்புப் போட்ட வளையல் கையில் குலுங்கிக்கொண்டிருந்தது. குளத்தைப் பார்க்க வரும்போதெல்லாம் உலகம்மாள் அந்த வீட்டு ஜன்னலோரம் ஐந்து நிமிஷம் நிற்காமல் போனதில்லை; அவளுக்குப் பெண்பிள்ளை கிடையாது, அனுசியா அவளை அக்கா அக்கா என்று கூப்பிட்டு எதையாவது பேசுவாள், பிறக்கப் போவது பெண் என்று அடித்துச் சொல்வாள். ஒருநாள் சங்கிலி வெள்ளித் தம்ளரில் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து மகள் கையில் கொடுத்ததை உலகம்மாள் பார்த்துவிட்டாள்.

"அண்ணே! வயித்துப் பிள்ளக்காரிக்கு இதக் குடுக்கலாமா? வேற யாருக்குக் காமாலை வந்தாலும் ஒடம்பு தாங்கும், இவளுக்குத் தாங்காது அண்ணே."

"ஊருக்கே ஊத்துதேன். எம் பிள்ளைக்கு ஊத்தாம இருப்பனா?" என்றார் சங்கிலி. "ரெண்டு வேளையும் குடுக்கேன். முத்து நெறைய இருக்கிற எடமாப் பாத்து மொண்டு குடுக்கேன்."

அனுசியா சிரித்துக்கொண்டே தம்ளரை வாயருகே கொண்டுபோனாள். "அப்பா மனசு கோணக் கூடாதுக்கா."

உலகம்மாள் தம்ளரைப் பிடுங்கினாள். மறுநாளிலிருந்து அவள் வருவதற்கு முன்பே தம்ளர் உள்ளே போய்விட்டது. வைகாசி தொடங்கியபோது அனுசியா சோறு வேண்டாமென்று தள்ளினாள், கண்ணின் வெள்ளை மஞ்சளாயிற்று. உலகம்மாள் நகராட்சி ஜீப்பிலேயே ஏற்றி மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். திரும்பி வந்து பார்த்தபோது வரிசையில் இன்னும் இரண்டு நிறைமாதக்காரிகள் குடத்தோடு நின்றிருந்தார்கள். அந்தத் தண்ணீர் அங்கே இருக்கிற வரைக்கும் யாரையும் அவளால் தடுக்க முடியாது.

அன்று சாயங்காலமே பூசாரி கொம்பையாவின் வீட்டுக்குப் போனாள். கிருமி, குளோரின் என்று ஒரு சொல் பேசவில்லை. "ஐயா, தலைக்குத் தண்ணி ஊத்துற காலம் வந்துட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

கொம்பையா நேர்மையான மனுஷர். மறுநாள் வந்து பார்த்துவிட்டு, முத்துகள் அமுங்கி வருகின்றன, காய்ச்சலும் இறங்கியிருக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமை ஊற்றலாம் என்றார். சொல்லி வாயை மூடுவதற்குள் அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. மனுஷர் தலையில் தண்ணீர் ஊற்றலாம். தண்ணீர் தலையில் தண்ணீரை எப்படி ஊற்றுவது?

இதற்காக ஊரார் கூடினார்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரை ஒரு குடம் மேலே விட்டால் போதும் என்றார் ஒருவர். அது கலந்துவிடும், குளித்ததற்கும் குளிக்காததற்கும் என்ன வித்தியாசம் என்றார் இன்னொருவர். நாலு மூலையிலும் தெளிக்கலாம் என்று லிங்கதுரை சொன்னது யார் காதிலும் விழவில்லை. கடைசியில் இட்லிக்கடைக்காரிதான் சொன்னாள்: "பழைய தண்ணிய எறக்கிட்டுப் புதுத்தண்ணி விடுங்க. அதான குளிப்பாட்டுதது." அடடா என்று ஒப்புக்கொண்டார்கள். பழைய தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று யாரோ கேட்டார்கள். வேறு எந்த வழி, மேற்கே வாய்க்கால்தான் என்று யாரோ பதில் சொன்னார்கள்.

அம்மன் குடியிருந்த தண்ணீர் அந்த வாய்க்கால் வழியாகப் போவதை ஒவ்வொருவரும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்து முகம் சுளித்தார்கள். வாய்க்கால் தெருக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"என்ன யோசிக்கீங்க?" என்றாள் உலகம்மாள், முகத்தைப் பச்சைப்பிள்ளை போல வைத்துக்கொண்டு. "வெறும் மழைத்தண்ணி ஓடுற வாய்க்கால்தான? அதுல போனா என்ன தப்பு?"

கூட்டம் கலைந்து அரைமணி நேரத்தில் வாய்க்கால் தெருவின் புறவாசல்களிலிருந்து உளிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒருவர் சொல்லி ஒருவர் செய்யவில்லை, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டில் மட்டும்தான் டேங்கிலிருந்து வாய்க்காலுக்குப் போகும் அந்தக் குழாய் இருப்பதுபோல, பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல், கொல்லைச் சுவரோரம் குந்தியிருந்து சிமெண்டு குழைத்தார்கள். லிங்கதுரையின் கடையில் சிமெண்டு தீர்ந்தது. எத்தனையோ வருஷம் எத்தனையோ அபராதம் சொல்லி உலகம்மாளால் அடைக்க முடியாத வாய்கள் எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் அடைபட்டன. வாய்க்கால் மூடிகளைத் தூக்கி உள்ளே இறங்கிக் கழுவி, மஞ்சள்தண்ணீர் தெளித்தார்கள். வாய்க்கால் முதல்முறையாகக் காய்ந்து கிடந்தது, உள்ளே ஒரு நாய் படுத்துத் தூங்கியது.

வெள்ளிக்கிழமை காலை மோட்டார் போட்டார்கள். வெதுவெதுப்பான தண்ணீர் கொப்புளங்களோடு, மூடி திறந்து கிடந்த வாய்க்காலில் இறங்கி வீடு வீடாகக் கடந்து போனது. பெண்கள் வாசலில் நின்று குலவையிட்டார்கள், முத்துகள் ஒவ்வொரு வீட்டுப் படியருகிலும் கொஞ்சம் நின்று சுற்றிவிட்டு நகர்ந்தன, யார் வீட்டு முன்னால் அதிக நேரம் நின்றது என்பதில் இரண்டு வீட்டுக்காரிகளுக்கு அதற்குப் பிறகு பேச்சுவார்த்தையே இல்லை. ஊர் முடிகிற இடத்தில் உலகம்மாள் ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகளோடு நின்றாள். "ஒடம்ப விட்டு எறங்குன பெறவு மருந்து போடலாமாய்யா?" என்று கொம்பையாவிடம் முன்னமே கேட்டு வைத்திருந்தாள். எறங்கினது எறங்கினதுதான், போட்டுக்கோ என்று அவர் சொல்லியிருந்தார்.

வற்றிய குளத்தின் நீல ஓடுகளில் தரையெங்கும் சின்னச் சின்னத் தழும்புகள் இருந்தன. மேற்குச் சுவரின் அடியில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு, அதன் விளிம்பெல்லாம் கறுத்திருந்தது. கொத்தனார் அடைத்தார். புதுத்தண்ணீர் விட்டபோது முதல் வாளியில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டார்கள். உலகம்மாள் குளோரின் போட்டு, கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பார்த்து, இனிமேல் இறங்கலாம் என்று சொல்லிவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் பேருந்து ஏறினாள்.

அனுசியா பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை, உயிரில்லாமல்தான் வெளியே வந்தது. அவள் சொன்னபடியே பெண்.

ஆனி மாதம் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து குளத்தில் குதித்தார்கள். கடுகு வெடித்தது, வடைச்சட்டி நிமிர்ந்தது, பேருந்துகள் இதுவரை அடிக்காத ஹாரனையும் சேர்த்து அடித்தன. வாய்க்கால் தெருவின் ராசியான டேங்குகள் ஒவ்வொன்றாக நிறையத் தொடங்கின, முற்றத்தில் நாற்றம் பொங்கியது. ஒரு சாயங்காலம் உலகம்மாள் வாய்க்கால் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே நாய் இல்லை. கழிவு கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

லிங்கதுரை அவளுக்கு அன்பாக எடுத்துச் சொன்னார். "பயப்படாதீங்க மேடம். ஒருதரம் போட்ட ஒடம்புக்கு மறுபடி அம்மை போடாது. குளத்துக்கு இனிமே ஒண்ணும் வராது." தெருவில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். உலகம்மாளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்து, வருகிற போகிறவர்கள் பார்க்க அழுதாள்.

அங்கேதான் சங்கிலி வந்தார். மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த பிறகு அவர் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. திறந்து கிடந்த மூடியையும் உள்ளே ஓடுவதையும் பார்த்தார்.

"நான் குடுத்த தண்ணிதானா மேடம்?" என்று கேட்டார்.

உலகம்மாள் கண்ணைத் துடைத்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம், விதி என்று சொல்லியிருக்கலாம், யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கண்ணாடிக் குழாயில் என்ன தெரிகிறதோ அதைத் தவிர வேறொன்றைச் சொல்ல அவளுக்கு வாய் பழகவில்லை. "ஆமாண்ணே" என்றாள்.

சங்கிலி தலையை ஆட்டினார். நேராகப் போய் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். உலகம்மாள் எழுந்து பின்னாலேயே போனாள். போகும்போதே ஆணையருக்குப் போன் போட்டு, டேங்க் அள்ளுகிற லாரியை இப்போதே வாய்க்கால் தெருமுனைக்கு அனுப்புங்கள், அனுப்பாவிட்டால் நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று, இதுவரை அவரிடம் பேசாத குரலில் சொன்னாள்.

சங்கிலி ஒவ்வொரு வீட்டிலும் ஒரே மாதிரிதான் சொன்னார். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. "எம் பிள்ளைக்கு நான்தான் குடுத்தேன். ரெண்டு வேளையும், எங்கையால. அந்தத் தண்ணிக்குள்ள எங்க வீட்டுதும் இருந்துச்சி, ஒங்க வீட்டுதும் இருந்துச்சி." அவ்வளவுதான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, திரும்பி அடுத்த வீட்டுக்கு நடந்தார். உட்காரச் சொன்னார்கள், காப்பி குடிக்கச் சொன்னார்கள், சில வீட்டில் கதவைப் பாதிதான் திறந்தார்கள். ஒரு வீட்டில் அந்தக் கயிறு கட்டிய வரிசையில் நின்ற நிறைமாதக்காரிகளில் ஒருத்தியே வந்து கதவைத் திறந்தாள், அவள் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. அங்கே மட்டும் அவர் முழுசாகச் சொல்லி முடிக்கச் சிரமப்பட்டார்.

தெருவின் பாதியில் லிங்கதுரையின் மாடி வீடு. லிங்கதுரை வாசலுக்கே வந்து, சங்கிலியின் தோளில் கை வைத்து, எல்லாம் கேட்டு, பெருமூச்சு விட்டார். "என்னத்தச் சொல்ல சங்கிலி. நடந்தது நடந்துபோச்சி. ஆனா ஒண்ணு, இனிமே வராது. ஒருதரம் போட்டா மறுபடி போடாதுல்லா."

"குளத்துக்குப் போடாது அண்ணாச்சி," என்றார் சங்கிலி. "எம் மக மறுபடி உண்டாவா."

லிங்கதுரையின் கை தோளிலிருந்து இறங்கியது. உள்ளே, கூடத்துக் கதவின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, புறவாசலுக்குப் போனாள். கொடியில் கிடந்த பழஞ்சேலையை உருவிச் சுருட்டி டேங்க் குழாயின் வாயில் திணித்து, மேலே ஒரு செங்கல்லை வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். தெருமுனையில் லாரி திரும்புகிற சத்தம் கேட்டது. சங்கிலி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.